கொடை லைவும் முளைப்பாரிப் பிள்ளைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி வட்டாரத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் ஓர் ஊர். அங்கே அம்மன் கோயில் திருவிழாவான ஆடிக் கொடையை உள்ளூர் வீடியோக்காரர் ஒருவர் தன் யூடியூப் சேனலில் இரவு முழுக்க லைவாகப் போட்டார். வில்லுப்பாட்டு, முளைப்பாரி, கரகாட்டம், நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை, விடியக்காலச் சாமியாட்டம் எல்லாம் ஒரே வீடியோ. கொடை முடிந்த அடுத்த வாரம், முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்த பிள்ளைகளைப் பற்றிக் கமெண்டில் எழுதியிருந்தவை ஊருக்குத் தெரியவந்தன. பத்து வயதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள். கணினி வேலை தெரியும் என்பதால் விழாக் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. தளத்தில் இருக்கும் பாதுகாப்புக் கருவிகளில் எவை கைகொடுத்தன, எவை இந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஊர்ப் பெயர், சாமி பெயர், ஆண்டு மூன்றையும் விட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"லைவே போடாம இருந்திருக்கலாமே" என்று வெளியூர்க்காரர் எளிதாகச் சொல்லிவிடுவார். இந்தப் பக்கத்து ஊர்களில் பாதிக் குடும்பத்துக்குச் சொந்தம் தாராவியில் இருக்கும், இல்லையென்றால் சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும். கொடைக்கு லீவு கிடைக்காதவர்களும், வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரி கொடுக்கிறவர்கள்தான். சாமி குறி சொல்லும் நேரத்தில் பம்பாயில் ஓர் ஒற்றை அறைக்குள் பத்துப் பேர் போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். லைவ் வந்த பிறகு வெளியூர் வரி அன்றைக்கு ராத்திரியே வந்துவிடுகிறது என்று கமிட்டிப் பொருளாளர் சொன்னார். ஆகவே லைவை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் அதில் சம்மதமில்லை. விழா அந்தப் பிள்ளைகளுடையதும்தான்.

விஷயத்தை முதலில் கவனித்தவர் பம்பாயில் இருக்கும் ஒரு பிள்ளையின் அத்தை. தன் மருமகள் ஆடும் இடத்தைத் தேடி, வீடியோவின் அடியில் ஓடும் கோட்டில் விரலை வைத்து நகர்த்தியிருக்கிறார். அந்தக் கோட்டுக்கு மேலே, எந்த இடம் அதிகம் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது என்று மேடுபள்ளமாகக் காட்டும் ஒரு வரைபடம் 2022 மே மாதத்திலிருந்து யூடியூபில் வருகிறது. அந்த வரைபடத்தில் சாமியாட்டத்துக்கு மேடு இல்லை, வில்லுப்பாட்டுக்கு மேடு இல்லை. கும்மியில் சில விநாடிகளுக்கு மட்டும் மேடு எழும்பி நின்றது. கமெண்டைத் திறந்தால் மணி, நிமிடம், விநாடி மட்டும் எழுதிய பதிவுகள். அதைத் தொட்டால் நேரே அந்த இடத்துக்குப் போகும். பாவாடை விலகிய இடம், பிள்ளை குனிந்த இடம். அத்தை அந்த ராத்திரியே அண்ணன் மனைவிக்குப் போன் போட்டார்: "மைனி, நம்ம பிள்ளய பத்தி என்னென்னமோ எழுதிருக்கானுவ. அண்ணன்கிட்ட இப்பம் சொல்லாதீங்க, முதல்ல நீங்க பாருங்க."

இந்த முறை உலகத்துக்குப் புதிதல்ல. 2019 பிப்ரவரியில் இதே போன்ற நேரக்குறிப்புக் கமெண்டுகளை ஒருவர் வீடியோ போட்டு அம்பலப்படுத்தினார். டிஸ்னி, நெஸ்லே போன்ற பெரிய விளம்பரதாரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் யூடியூப் கோடிக்கணக்கான வீடியோக்களில் கமெண்டை மூடிவிட்டதாகவும், சிறுவர்கள் இடம்பெறும் வீடியோக்களில் இனி ஒருசில சேனல்களுக்கு மட்டுமே கமெண்ட் இருக்கும் என்றும் அறிவித்தது. அது சிறுவர்களையே மையமாக வைத்து எடுக்கும் வீடியோக்களைக் கருதிச் செய்த ஏற்பாடு. எட்டு மணி நேரக் கொடையின் நடுவில் முக்கால் மணி நேரம் பிள்ளைகள் ஆடுவதை முன்கூட்டி அறிந்தவர்கள் ஊர்க்காரர்களும் வீடியோக்காரரும்தான். அந்தச் சேனலில் கமெண்ட் முழுக்கத் திறந்திருந்தது. திறந்து வைக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அப்படியே இருந்ததை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தொல்லை சாதி. பிள்ளைகள் எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல, பட்டப்பெயர்களும் வசைகளும் தமிழிலும் ஆங்கில எழுத்திலுமாகக் கொட்டிக்கிடந்தன. "கமெண்ட்தான, விடுங்க" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் சொன்னார். இந்த மாவட்டத்தில் அப்படி விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குள் சாதி வெறி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அந்த இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாடே பேசியது. அதே வயதுப் பையன்கள்தான் இந்தக் கமெண்ட் பெட்டியிலும் எழுதியிருந்தார்கள்.

இனி செய்தவை. விஷயம் தெரிந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அங்கேயே போய்ப் பதிலடி எழுதினார்கள். கமெண்ட் கூடியது, பார்வையும் கூடியது. அடுத்து "எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க" என்று ஒரு செய்தி சுற்றியது. ஆயிரம் பேர் அடித்தாலும் ஒருவர் அடித்தாலும், தளத்தின் விதியை மீறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், எண்ணிக்கையை வைத்து எடுக்க மாட்டார்கள். எந்தத் தலைப்பின் கீழ் ரிப்போர்ட் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். நம் ஆட்கள் பாதிப் பேர் 'தேவையற்ற விளம்பரம்' என்ற முதல் தலைப்பையே அழுத்தியிருந்தார்கள். சிறுவர் பாதுகாப்பு என்று தனித் தலைப்பு இருக்கிறது. ஒவ்வொரு கமெண்டையும் அந்தத் தலைப்பில் ஒரே ஒருவர் நிதானமாகச் செய்தால் போதும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஆதாரம் எடுப்பது. வீடியோவைத் தூக்கிவிட்டால் எழுதியவனும் மறைந்துவிடுவான். ஒவ்வொரு கமெண்டுக்கும் தனி லிங்க் உண்டு. எப்போது எழுதினான் என்று காட்டும் இடத்தைத் தொட்டால் அந்த லிங்க் கிடைக்கும். அந்த லிங்க், எழுதியவனின் சேனல் லிங்க், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து எடுத்தோம். பெயர் மட்டும் எடுத்தால் போதாது, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளின் படம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை எந்தக் குழுவிலும் போடக் கூடாது என்று கமிட்டி கண்டிப்பாகச் சொன்னது. பெண்கள் இரண்டு பேர் மட்டும் அந்த வேலையைச் செய்தார்கள். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. நல்ல எண்ணத்தில் பரப்பினாலும் பரப்புவது பரப்புவதுதான்.

அப்புறம் வீடியோக்காரரிடம் பேசினோம். அவர் கெட்டவர் இல்லை. கல்யாண வீட்டு வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர். "நாலு வருஷமா வளர்த்த சேனல் அண்ணாச்சி. பிரைவேட் போட்டா பம்பாய்க்காரன் போன் போட்டு ஏசுவான்" என்றார். 'பட்டியலிடாதது' என்று ஒரு நிலை இருக்கிறதே, தேடலில் வராது, பரிந்துரையில் வராது, லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், அது போதாதா என்று கேட்டார். லிங்க் ஏற்கெனவே எல்லாக் குழுவிலும் கிடக்கும்போது அந்த நிலையால் பயன் இல்லை. பிரைவேட் போடத்தான் வேண்டியிருந்தது.

கும்மிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். சேனல்காரர் தன் வீடியோக்களைக் கையாளும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் அதற்கான கருவி இருக்கிறது. முகத்தை மங்கலாக்கும் வசதி 2012-லேயே வந்தது. நாமே கட்டம் போட்டு எதை வேண்டுமானாலும் மறைக்கும் வசதி 2016-ல் வந்தது. வெட்டினாலும் மறைத்தாலும் அதே லிங்க், அதே பார்வை எண்ணிக்கை நிற்கும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோவில் இந்தக் கருவி வேலை செய்யாது. கொடை லைவ் சாயங்காலம் தொடங்கி விடியக்காலம்தான் முடியும். ஆகவே அந்த வீடியோவை மூடிவிட்டு, மெமரி கார்டில் இருந்த அசலைக் கணினியில் பகுதி பகுதியாகப் பிரித்து, கும்மி இல்லாமல் மறுபடி ஏற்றினார். பழைய பார்வை எண்ணிக்கை போனது. அது அவருக்கு உண்மையான நட்டம். கமிட்டி அடுத்த கொடைக்கு அவருக்கே வேலையைக் கொடுத்தது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

இடையில் ஒரு படித்த பையன் நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னான்: 'குழந்தைகளுக்கான வீடியோ' என்று குறித்துவிட்டால் கமெண்ட் தானாக மூடிவிடுமே என்று. மூடும்தான். கமெண்ட், லைவ் சாட், மணி அடிக்கும் அறிவிப்பு எல்லாமே போய்விடும். ஆனால் அந்தக் குறி, வீடியோவில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்கவில்லை, குழந்தைகள் பார்ப்பதற்காக எடுத்ததா என்று கேட்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியதாகச் சொல்லி 2019 செப்டம்பரில் யூடியூபும் கூகுளும் 17 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதன் விளைவாக 2020 ஜனவரியில் வந்த ஏற்பாடு அது. சாமக்கொடை குழந்தைகளுக்கு எடுத்த நிகழ்ச்சி அல்ல. கமெண்டை மூட நேரான வழி இருக்கும்போது பொய்க்குறி போட வேண்டியதில்லை.

கமெண்டை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தபோது வேறொன்று தெரிந்தது. லைவ் ஓடும்போது பக்கத்தில் ஓடிய சாட், கமெண்ட் கணக்கில் வராது. அதற்குத் தனி சுவிட்ச். லைவ் முடிந்த பிறகும் அந்த உரையாடல் வீடியோவோடு சேர்ந்து திரும்ப ஓடும். அன்றைக்கு ராத்திரி அதில் வந்திருந்தவையும் மோசம்தான். லைவ் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் அப்போது ஸ்டுடியோவில் பார்த்தோம். டிஸ்லைக் எண்ணிக்கை 2021 நவம்பரிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. சிறிய சேனல்களைக் கூட்டம் சேர்ந்து தாக்குவதைக் குறைக்கத்தான் மறைத்தோம் என்று யூடியூப் சொன்னது. சேனல்காரர் மட்டும் அதை இன்னும் பார்க்கலாம். ஒரே இரவில் டிஸ்லைக் குபீரென்று ஏறியிருந்தது. சாதி வசைகள் வந்த அதே இரவு. லிங்க் ஏதோ ஓர் எதிர்க்கோஷ்டிக் குழுவுக்குள் போயிருக்கிறது என்று அதிலிருந்துதான் ஊகித்தோம். காவல்துறைக்குக் கொடுத்த மனுவில் அந்தத் தேதியையும் எழுதினோம்.

நேரம் அதிகம் பிடித்தது நகல்களை எடுக்கச் செய்வது. வேறொரு சேனல் கும்மியிலிருந்து சில விநாடிகளை வெட்டி, கேவலமான தலைப்போடு ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோவாகப் போட்டிருந்தது. இரண்டு வழி இருந்தது. வீடியோக்காரர் காப்புரிமைப் புகார் கொடுக்கலாம். அல்லது பிள்ளையின் தாயோ தகப்பனோ தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். காப்புரிமைதான் வேகம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் காப்புரிமைப் புகாரில் உரிமையாளரின் பெயர் எதிராளிக்குப் போகும். அவர் எதிர்மனு போட்டால், நாம் நீதிமன்றம் போனதற்கான ஆதாரத்தை 10 வேலைநாளுக்குள் காட்ட வேண்டும். தனியுரிமைப் புகாரில் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை அவர் சம்மதமின்றி வெளியிட மாட்டார்கள். வீடியோ போட்டவருக்கு 48 மணி நேரம் அவகாசம் கொடுத்து, அவர் எடுக்காவிட்டால் தளமே பரிசீலிக்கும். சாதிக் கோபம் கிளம்பியிருக்கும் ஊரில், ஒரு வீடியோக்காரர் பெயர் அந்தப் பக்கம் போவது அவர் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தாய்மார்களே தனியுரிமைப் புகார் கொடுத்தார்கள், கூடவே சிறுவர் பாதுகாப்புத் தலைப்பில் ரிப்போர்ட்டும் போனது. அந்த ஷார்ட்ஸ் இறங்கியது.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு: தனியுரிமைப் புகாரைச் சம்பந்தப்பட்டவரோ, பிள்ளை என்றால் பெற்றோரோதான் கொடுக்க வேண்டும். ஊர்த்தலைவர் கொடுத்தால் செல்லாது. அலைபேசியில் தமிழ் தட்டத் தெரியாத தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அதைச் செய்தவர் சத்துணவு அமைப்பாளர் அக்கா.

கமிட்டியில் பலர் "ஊருக்குள்ளேயே முடிச்சிருவோம், ஸ்டேஷன் எதுக்கு" என்றார்கள். பிள்ளைகளின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவு இணையவழியில் ஒரு பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு தொடர்ந்து கவனிப்பதையும் குற்றமாகச் சொல்கிறது. 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் அதுவும் குற்றம். இதை ஒரு வக்கீல் வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் மனு போனது. சாதி வசைக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வியும் வந்தது. இணையத்தில் ஏற்றியது, அந்தச் சட்டம் கேட்கும் பொதுப்பார்வையில் சொன்னதாகும் என்று, யூடியூபில் வந்த ஒரு பேட்டி தொடர்பான வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. எழுதியவர்களில் ஒருவர் பக்கத்து ஊர் என்று தெரியவந்தது. விசாரணை நடப்பதால் அதற்கு மேல் எழுத மாட்டேன்.

சேனல்காரருக்கு எதிராகப் புகார் சொல்ல வேண்டிய நிலை வந்திருந்தால் 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கின்றன. 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் இந்தியாவிலேயே ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

இவ்வளவையும் செய்த பிறகு எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று. இருந்த எந்தக் கருவியும் அன்றைக்கு ராத்திரி வேலை செய்யவில்லை, ஏனென்றால் அவற்றை யாராவது போய்த் திறக்க வேண்டியிருந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவில் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் செட்டிங்கைத் திறக்க மாட்டார். தொடக்கத்திலேயே எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியேதான் விழா முழுக்க ஓடும். 2021 ஆகஸ்டில் யூடியூப் 13 முதல் 17 வயதுக்காரர்கள் ஏற்றும் வீடியோ முதலில் பிரைவேட்டாகவே நிற்கும்படி மாற்றியது, தானாக அடுத்த வீடியோ ஓடுவதையும் அவர்களுக்கு அணைத்து வைத்தது. புதிதாக எந்தக் கருவியும் தரவில்லை, ஏற்கெனவே இருந்த சுவிட்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்கள். நான் பார்த்தவரையில் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். ஆனால் அது ஏற்றுகிறவரின் வயதைப் பார்க்கிறது. நம் கொடையில் ஏற்றுகிறவருக்கு நாற்பது வயது, ஆடுகிற பிள்ளைக்குப் பதினொன்று. அந்த இடைவெளியை ஊர்தான் அடைக்க வேண்டும்.

அடுத்த ஆடிக்கு முன்னால் உட்கார்ந்து பேசி முடிவானவை இவை. ஒரே லைவாக இல்லாமல் நிகழ்ச்சிக்கு ஒன்றாகப் பிரிப்பது. அப்படிச் செய்தால் எதுவும் ஆறு மணி நேரத்தைத் தாண்டாது, பிறகு வெட்டவும் மறைக்கவும் முடியும். 12 மணி நேரத்தைத் தாண்டிய லைவ் சேனலில் பதிவாக நிற்காது என்பதால் வீடியோக்காரருக்கும் இதில் ஆதாயம். முளைப்பாரிக்கு லைவ் கிடையாது. பிள்ளைகள் குடும்பத்துக்குப் பென்டிரைவில் கொடுப்பார்கள், பம்பாய்ச் சொந்தங்களுக்கு அந்தந்த வீட்டார் அனுப்பிக்கொள்ளலாம். சாமியாட்டத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் கமெண்ட் உண்டு, ஆனால் எல்லாமே நிறுத்திவைத்து, படித்துப் பார்த்த பிறகே வெளியே விடும் முறையில். மற்றவர்கள் வெட்டி ஷார்ட்ஸ் செய்யும் அனுமதி ஒவ்வொரு வீடியோவிலும் அணைக்கப்படும். சேனலின் பொது அமைப்பில் இவற்றை ஒரு தடவை குறித்துவைத்தால் அடுத்தடுத்த வீடியோவுக்கும் வரும், ஆனால் கணினி வழியாக ஏற்றினால்தான். போனிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் கையால் பார்க்க வேண்டும். வீடியோக்காரரின் உதவிப் பையன் போனிலிருந்துதான் ஏற்றுவான் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தடை செய்யும் சொற்களின் பட்டியலைத் தயாரிப்பதில்தான் அதிக நேரம் உட்கார்ந்தோம். நெல்லைச் சீமையில் ஒரு சாதியை இழிவாகச் சொல்லப் பயன்படும் சொல் மதுரையில் சாதாரணச் சொல்லாக இருக்கும். அதையே ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். நடுவில் புள்ளி வைப்பார்கள். சில குழுக்கள் ஒரு நிறத்தையோ ஒரு விலங்கின் படத்தையோ மட்டும் போட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். உள்ளூர்க்காரர் தவிர யாரும் இந்தப் பட்டியலைப் போட முடியாது. எல்லாத் தெருவிலிருந்தும் ஆளை வைத்துப் போட்டோம். ஒரு தெருக்காரருக்கு எது வலிக்கும் என்று இன்னொரு தெருக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காதால் கேட்டார்.

ஊர்ப் பையன்கள் தாங்களாக லைவ் போடுவது இன்னொரு சிக்கல். 2025 ஜூலை 22 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் லைவ் போட முடியாது. போனிலிருந்து போடச் சேனலுக்கு 50 சப்ஸ்கிரைபராவது வேண்டும். பையன்கள் அண்ணன் கணக்கில் போடுகிறார்கள். இதற்குக் கருவியால் பதில் இல்லை. கும்மி நேரத்தில் போன் தூக்கக் கூடாது என்று மைக்கில் சொல்வதென்று முடிவானது. சொன்னவர் பெண்கள் பக்கத்திலிருந்து பேசியதால் கேட்டார்கள்.

எங்கள் ஏற்பாடு எட்டாத ஓர் இடம் இருக்கிறது. கரகாட்டம் ஆடும் பெண்கள் வயது வந்தவர்கள், தொழிலுக்கு வருகிறவர்கள். சிறுவர் பாதுகாப்பு விதி அவர்களுக்குப் பொருந்தாது. ஊர் ஊராக ஆடியதை வெட்டி, அசிங்கத் தலைப்பு வைத்து, அவர்கள் முகத்தைக் காட்டிப் பார்வை சேர்க்கும் சேனல்கள் ஏராளம். தனியுரிமைப் புகாரை அவரவர்தான் கொடுக்க வேண்டும். இன்றைக்கு வள்ளியூர், நாளைக்குக் கோவில்பட்டி என்று போகிறவருக்கு அதற்கு எங்கே நேரம்? எங்கள் ஊருக்கு வந்த குழுவின் மூத்த பெண் முன்பணம் வாங்கும்போதே கேட்டார்: "ஆடுறத லைவ்ல போடுங்க, வேணாங்கல. அப்புறம் அத வெட்டி எவன் போட்டாலும் எடுக்க வைக்குறது உங்க பொறுப்புன்னு எழுதித் தருவீங்களா?" கமிட்டி லைவுக்கும், வெட்டும் அனுமதியை அணைத்து வைப்பதற்கும் மட்டும் எழுதிக் கொடுத்தது. மற்றவர் வெட்டிப் போட்டதை எடுக்க வைக்கும் பொறுப்பை ஏற்க இன்னும் தயங்குகிறது. ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. விழாத் தொடக்கமாகக் கால் நடும் வரும் கால்நாட்டுக்கு முன்னால் கூடும் கூட்டத்தில் அதை மறுபடி வைக்கிறேன்.